நெடும்பிணியும் மருந்தும்



சென்ற பௌர்ணமி நாளன்று திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடித்தபின் யாம் நிகழ்த்திய சிற்றுரையை எழுத்தில் தருமாறு பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் உள்ள அன்பர் சிலர் வேண்டினர். அன்று காலம் போதாமையால் விடுபட்டவற்றையும் சேர்த்து ஈண்டு எழுதுகின்றோம். யாம் பள்ளியில் நெடுநாள் பயின்றவரல்லோம்; பஞ்சாலையில் நூல் நூற்று வயிறு வளர்த்தோம்; மருத்துவரும் அல்லோம். ஆயினும் நெடுங்காலமாக ஒரு கையில் சர்க்கரை மாத்திரையும் மறு கையில் இழுப்பு மருந்துமாக நாட்களைக் கடத்தி வருபவராதலின், இப்பொருள் பற்றிப் பேச எமக்கும் சிறிது உரிமை உண்டெனக் கருதுகின்றோம்.

நோயில் வந்து போவதும் உண்டு. வந்து தங்குவதும் உண்டு. காய்ச்சல் வரும், போகும். நீரிழிவும், இரத்தக் கொதிப்பும், ஈளையும், மூட்டுவாதமும் வந்தால் போவதில்லை. நம்மவரிடையே தொழிலால் வந்து தங்கிய நோய்கள் பல. புளோரூமிலும் கார்டிங்கிலும் உழைத்தோர் அறிவர்: வார விடுமுறை கழிந்து ஆலைக்குள் நுழையும் முதல் நாளன்று மார்பு இறுகும், மறுநாள் சற்றுத் தளரும். ஆண்டுகள் செல்லச் செல்ல எல்லா நாளும் இறுகும். இதனைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்று சொல்வதுண்டு. மருத்துவ நூலோர் பிசினோசிஸ் என்பர். பஞ்சுத் தூசியை விட்டுத் தொடக்கத்திலேயே விலகினால் தணியும். முற்றியபின் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இந்நோய் தொழில்நோயாகச் சேர்க்கப்பட்டிருந்தும், அதனை அறியாமலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓய்வு பெற்றோர் நம்மிடையே உளர். தங்கவயலில் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால் அங்குப் பாறை துளைத்தோர் மூச்சோடு இழுத்த கல்தூசி நெஞ்சை விட்டு வெளியேறவில்லை. அத்தூசி படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும் என்பதையும் அக்குடும்பத்தார் நினைவில் வைத்தல் வேண்டும்.

இத்தகைய நோயாளர்பால் ஊரார் கூறும் முதற்சொல் யாது? "போன பிறவியில் செய்த பாவம்" என்பதே. தூசியைக் கொடுத்தவன் ஒருவன், கூலியைக் குறைத்தவன் ஒருவன், முகமூடி தராதவன் ஒருவன். பாவம் மட்டும் இருமுகின்றவனுடையது! நம்மைச் சேரியில் நிறுத்திய அதே சொல் இன்று மருத்துவமனைப் படுக்கை வரையில் பின்தொடர்ந்து வருகின்றது. தம்மத்தைத் தழுவிய பின்னும் நம் வீட்டு மூதாட்டியர் சிலர் இதனை நம்புகின்றனர். வேறு சிலரோ "பௌத்தமும் கம்மம் என்றுதானே கூறுகின்றது?" என்று எம்மையே மடக்குகின்றனர்.

அவர்கள் சங்யுத்த நிகாயத்தில் வரும் சீவக சூத்திரத்தைக் கேட்டல் நலம். மோலிய சீவகன் என்னும் பரிவிராஜகன் இராசகிருகத்தில் பகவன் புத்தரை அணுகி, மனிதன் நுகரும் இன்ப துன்பமெல்லாம் முன்வினைப் பயனே என்று சிலர் கூறுகின்றனரே, அஃது உண்மையா என வினவினான். பகவனோ பித்தத்தால் வருவதுண்டு, சிலேத்துமத்தால் வருவதுண்டு, வாதத்தால் வருவதுண்டு, மூன்றும் கூடி வருவதுண்டு, பருவ மாற்றத்தால் வருவதுண்டு, உடலைப் பேணாமையால் வருவதுண்டு, பிறர் தாக்குதலால் வருவதுண்டு என எண்ணி, எட்டாவதாகவே கம்மத்தைக் கூறினார். எல்லாம் முன்வினை என்போர் கண்கூடாக அறியக்கூடியதைக் கடந்து தவறாகப் பேசுகின்றனர் என்றும் தெளிவுறுத்தினார். எட்டில் ஏழு காரணங்கள் உலகத்தார் கண்ணுக்கு எட்டுபவை. அவற்றுட் பல மருந்துக்கும் எட்டுபவை. ஆலைத்தூசியை எந்த இனத்தில் சேர்ப்பது என்று எம்மைக் கேட்டால், பிறர் தாக்குதல் என்னும் இனத்திற் சேர்ப்போம்.

பகவன் தாமும் நோயுற்றவரே. முதுகுவலி மிகுந்தபோது உரையைத் தொடருமாறு ஆனந்தரைப் பணித்துவிட்டுத் தாம் சாய்ந்து ஓய்வு கொண்டதுண்டு. சீவகர் என்னும் மருத்துவர் ஆக்கிக் கொடுத்த பேதி மருந்தை ஏற்றதுண்டு. இறுதிக் காலத்தில் வேளுவ கிராமத்தில் கடும் நோய் கண்டபின், தம் உடலைக் கயிற்றால் கட்டி ஓட்டும் பழைய வண்டிக்கு ஒப்பிட்டார். ததாகதருக்கே வந்த நோயை எவர் பாவமென்று கூறுவார்?

இனி மருந்தைப் பற்றிப் பேசுவோம். நம் மக்கள் ஆங்கில மருத்துவத்தை அஞ்சுவதற்கும் நாட்டு மருந்தை நாடுவதற்கும் காரணம் வெறும் அறியாமை என்று படித்தோர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். அதனை யாம் ஒப்புவதில்லை. கத்தியவாட்டில் தீண்டப்படாத சமூகத்தைச் சார்ந்த ஓர் ஆசிரியர், பிள்ளை பெற்று நோயுற்ற தம் மனைவிக்காக மருத்துவரை அழைத்த செய்தியைப் பாபாசாகேப் அம்பேத்கர் எழுதி வைத்துள்ளார். சேரிக்குள் வரமாட்டேன் என்றார் மருத்துவர். பின்னர்ப் பெரியோர் வற்புறுத்த, சேரியின் ஓரத்திற்கு வந்தார். வெப்பமானியை ஒரு முஸ்லிம் அன்பர் கையிற் கொடுத்தார். அவர் கணவர் கையிற் கொடுத்தார். கணவர் மனைவியிடம் கொடுத்தார். அவ்வாறே அது திரும்பி வந்தது. தொட்டுப் பாராமலே மருந்து கூறிச் சென்றார். அப்பெண் இறந்தாள். அவ்வாசிரியரின் கடிதம் 1929ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் 'யங் இந்தியா'வில் வெளிவந்தது. இத்தகைய கதைகளைக் கேட்டு வளர்ந்த பாட்டியர் மருத்துவமனை வாசலில் கால் தயங்கினால் அவர்களைப் பழித்தல் தகுமோ?

அக்காலத்தில் நம் நாடி பார்த்தோர் யாவர்? நம்மவரே. நம் மருத்துவச்சியரே பேறு பார்த்தனர்; நம் வைத்தியரே பச்சிலை அரைத்தனர். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்த அயோத்திதாசப் பண்டிதர் தொழிலால் சித்த மருத்துவர் என்பதை நாம் மறத்தல் கூடாது. ஆகவே நாட்டு மருத்துவம் நமக்கு அயலாருடையதன்று. அதனை இகழ்ந்து பேசும் நோக்கமும் எமக்கில்லை. பொய்யை மட்டுமே இகழ்கின்றோம்.

பொய் எது என அறிய ஒரு வழியை அங்குத்தர நிகாயம் காட்டுகின்றது. நோயாளர் மூவகையர் என்றார் பகவன். தக்க உணவும் மருந்தும் கிடைத்தாலும் கிடைக்காவிடினும் குணமாகின்றவன் ஒருவன். கிடைத்தாலும் கிடைக்காவிடினும் குணமாகாதவன் ஒருவன். கிடைத்தால் மட்டுமே குணமாகின்றவன் மூன்றாமவன். அம்மூன்றாமவனை முன்னிட்டே மருந்தும் பணிவிடையும் விதிக்கப்பட்டன; அவனை முன்னிட்டே மற்ற இருவரையும் பேணுதல் வேண்டும் என்றார். இதனை யாம் படித்தபோது நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்துச் சிந்தித்தோம். போலி வைத்தியன் பிழைப்பது முதலாமவனைக் கொண்டன்றோ? தானே தணியும் சளிக்கும் தானே இறங்கும் காய்ச்சலுக்கும் அவன் பொடி கொடுக்கின்றான். தணிந்ததும் பொடியின் புகழ் தெருவெல்லாம் பரவுகின்றது. அப்புகழை நம்பி மூன்றாமவன் அவனிடம் செல்கின்றான். அழிபவன் இம்மூன்றாமவனே.

எமக்கு அறிமுகமான தொழிலாளத் தோழர் ஒருவர் பத்தாண்டுக் காலம் நீரிழிவுக்கு மாத்திரை உண்டு வந்தார். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், தன் சூரணத்தை உண்டால் வேரோடு போகும் என்றும், அதுவரை ஆங்கில மருந்தைத் தொடுதலாகாது என்றும் ஒருவன் கூறினான். பணம் பெரிது, ரசீது இல்லை. தோழர் மாத்திரையை நிறுத்தினார். முதல் வாரம் "அண்ணே, உடம்பு இலேசாக இருக்கிறது" என்று எம்மிடம் மகிழ்ந்து கூறினார். இரண்டாம் மாதம் காலில் செருப்புக் கடித்த புண் கறுத்தது. நீரிழிவால் உணர்ச்சி மரத்த கால் ஆதலின் வலி தெரியவில்லை. மருத்துவமனையில் இரு விரல்களை எடுத்தபின்னரே உயிர் தப்பியது. சூரணக்காரன் அதற்குள் வேறு ஊருக்குக் கடை மாற்றிவிட்டான்.

நூல் நாற்பதாம் நம்பரா அறுபதாம் நம்பரா என்பதை ஆலையில் எவரும் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்வதில்லை. நூற்றிருபது கெஜம் அளந்தெடுத்துத் தராசிலிட்டே முடிவு செய்வர். பருத்தி நூலுக்கே இத்துணைக் கண்டிப்பு எனின், உடலுக்கு அளவு வேண்டாவோ? மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை இன்று சிறு நகரங்களிலும் உண்டு. எந்த வைத்தியர் எந்த மருந்து கொடுப்பினும், உண்ணுமுன் ஓர் அளவும் மூன்று திங்கள் கழித்து ஓர் அளவும் எடுக்கச் சொல்லுங்கள். "அளவு வேண்டாம், என்னை நம்பு" என்பவனிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள். கேசபுத்த நகரத்துக் காலாமரிடம், பரம்பரை கூறியதென்றோ, கேள்விப்பட்டதென்றோ, கூறுபவர் பெரியவரென்றோ எதனையும் ஏற்க வேண்டா என்று பகவன் அருளினார். இது சூரணத்திற்கும் பொருந்தும். தங்கச் சட்டமிட்ட கண்ணாடி அணிந்து, ஏட்டை நிமிர்ந்து பாராமலே ஏழு மாத்திரை எழுதிக் கொடுக்கும் மருத்துவருக்கும் பொருந்தும். "அய்யா, இவ்வேழும் எதற்கு?" என்று வினவுதல் மரியாதைக் குறைவன்று.

நீரிழிவை வேரோடு போக்குவேன் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டமே தடுக்கின்றது. சுவரொட்டியைக் கண்டவுடன் அதனை நினைத்தல் போதும். ஈளைக்கெனச் சிலர் விற்கும் பெயரற்ற பொடியில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. ஒரே இரவில் மூச்சு இளகும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும், திடீரென நிறுத்தினால் உயிருக்கே இடர். "இழுப்பு மருந்து பழகிவிடும்" என்று அஞ்சி இப்பொடியை நாடுவோர் பலர். இழுப்பு மருந்தில் சேர்வது மிகச் சிறு அளவு. அது செல்வதும் நேரே நுரையீரலுக்கே. பழகிவிடுமென்று அஞ்ச வேண்டியது பீடி. ஆலைத்தூசி கெடுத்த நெஞ்சைப் பீடி முற்றும் கெடுக்கும். ஐந்தாம் சீலத்தைக் கள்ளோடு நிறுத்திக்கொள்ளும் சகோதரர்கள் மன்னிப்பார்களாக.

இவ்வளவு கூறியதால் பச்சிலையில் பயனில்லை என்றோம் எனக் கொள்ளற்க. சீவகரைத் தட்சசீலத்து ஆசிரியர், ஒரு யோசனை எல்லைக்குள் மருந்தாகாத செடி ஒன்றைக் கொணர்க எனப் பணித்தபோது, அவர் எங்குந் தேடி வெறுங்கையோடு திரும்பினார். நம் வேலியில் நிற்கும் ஆடாதோடையின் சத்தை அடியொற்றியே புரோம்ஹெக்சின் என்னும் சளி மருந்து செய்யப்பட்டது. நீரிழிவுக்கு உலகெங்கும் முதலில் கொடுக்கப்படும் மெட்பார்மினின் மூலம் ஐரோப்பியச் செடி ஒன்றின் ஆராய்ச்சியில் உள்ளது. சீனத்துப் பழைய மருத்துவ ஏட்டைத் துருவி மலேரியாவுக்கு மருந்து கண்ட தூ யூயூ என்னும் அம்மையார்க்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அம்மையார் ஏட்டை வணங்கிப் பெட்டியில் பூட்டவில்லை. சத்தைப் பிரித்தார், விலங்கில் சோதித்தார், தாமே உண்டு பார்த்தார், பின்னரே நோயாளர்க்குக் கொடுத்தார். அசோகச் சக்கரவர்த்தியின் இரண்டாம் பாறைச் சாசனம் சோழர், பாண்டியர் நாடுகள் உள்ளிட்டு எங்கும் மனிதர்க்கும் விலங்கிற்கும் மருத்துவம் ஏற்படுத்தியதையும், மூலிகை இல்லாத இடத்தில் கொணர்ந்து நட்டதையும் கூறுகின்றது.

ஆனால் இயற்கை என்னும் பெயரே காப்பாகாது. 2004இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்த ஆய்வொன்று, பாஸ்டன் நகர்க் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களுள் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்ததைக் காட்டியது. ஈயம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நீரிழிவாளரின் சிறுநீரகமோ முன்னமே சுமை தாங்குவது. ஆகவே உரிமம் பெற்ற பட்டதாரிச் சித்த மருத்துவரிடமே செல்க; மருந்தின் பெயரும் செய்த இடமும் எழுதியிராத புட்டியைத் தொடாதீர். யாம் மூட்டுவலிக்குத் தைலம் பெறும் சித்த மருத்துவர், முதல் நாளே எம் மாத்திரைகளையெல்லாம் மேசைமேல் வைக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்து, "இவற்றுள் ஒன்றையும் நிறுத்தாதீர், தைலம் வலிக்கு மட்டுமே" என்றார். நல்ல வைத்தியருக்கு அடையாளம் வேறென்ன வேண்டும்?

நம்மவர் செய்யும் பெருங்கேடு ஒளித்தல். ஆங்கில மருத்துவரிடம் கஷாயத்தைக் கூறுவதில்லை, திட்டுவார் என்று. வைத்தியரிடம் மாத்திரையைக் கூறுவதில்லை, முகஞ்சுளிப்பார் என்று. பாகற்சாறும் வெந்தயப் பொடியும் மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தினால், நள்ளிரவில் வியர்த்து மயங்குபவரைக் காப்பாற்ற வருபவருக்குக் காரணம் எப்படித் தெரியும்? விநய பிடகத்து மகாவக்கத்தில், பணிவிடைக்கு எளியவனாகிய நோயாளியின் இலக்கணம் ஐந்து கூறப்பட்டுள்ளன. தனக்கு நலமானதைச் செய்தல், நலமானதிலும் அளவறிதல், மருந்தை உட்கொள்ளுதல், நோய் ஏறுகின்றதா இறங்குகின்றதா நிற்கின்றதா என்பதை உள்ளபடி உரைத்தல், வலியைப் பொறுத்தல் என்பன அவை. உள்ளபடி உரைத்தல் நான்காவதாக நிற்கின்றது. நான்காம் சீலமும் பொய் கூறாமையே. இப்பொருத்தம் எமக்குப் பிடித்திருக்கின்றது.

அதே இடத்தில் பணிவிடை செய்வோர்க்கும் இலக்கணம் உண்டு. கூலிக்காகவன்றி அன்பினால் செய்தல், மலத்தையும் சிறுநீரையும் சளியையும் கண்டு அருவருக்காமை என்பன அவற்றுட் சில. அவ்விதி பிறந்த வரலாறு அறிவீரன்றோ? வயிற்றுக் கடுப்பால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரை எவரும் தீண்டவில்லை. பகவன் ஆனந்தரை நீர் கொணரச் செய்து, தாமே நீரூற்ற ஆனந்தர் துடைக்க, இருவருமாக அவரைத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினர். தமக்குப் பணிசெய்ய விரும்புவோர் நோயாளர்க்குப் பணி செய்க என்றார். நம் வீடுகளில் இப்பணி முழுவதும் பெண்கள் தலையிலேயே விழுகின்றது. ஆனந்தர் ஆண்மகன், பகவனும் ஆண்மகனே என்பதை இவ்விடத்தில் நினைவூட்டுகின்றோம்.

மந்திரக் கயிறும் தாயத்தும் பற்றி அதிகம் எழுதோம். நோய்வாய்ப்பட்ட காலத்து மக்கள் செய்யும் பயனற்ற சடங்குகளை அசோகர் ஒன்பதாம் பாறைச் சாசனத்திலேயே கண்டித்துவிட்டார். ஆனால் ஒரு சகோதரர், "கயிறு கூடாது என்கின்றீர், பரித்தம் ஓதலாமோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கிரிமானந்தர் நோயுற்றபோது பகவன் ஆனந்தர் வாயிலாகப் பத்துச் சஞ்ஞைகளை ஓதுவித்தார். கேட்ட கிரிமானந்தர் தேறினார் என்று சூத்திரம் கூறுகின்றது. அச்சூத்திரத்து நோய்ப் பட்டியலில் மதுமேகமும் உண்டு, அதாவது நம் நீரிழிவு. விநய பிடகம் நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் என ஐந்தைப் பிக்குகளுக்கு மருந்தாக அனுமதித்ததையும் கூறுகின்றது. ஓதுக, மனம் அமைதியுறும், தூக்கம் வரும். ஓதியபின் ஊசி மருந்தையும் போட்டுக்கொள்க. இன்சுலின் 1921இல் கண்டறியப்படும் முன்னர், அதனைச் சுரக்காத உடலோடு பிறர் மடியிற் கிடந்த சிறார்கள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். வேண்டுதலும் கண்ணீரும் அங்குக் குறைவாகவா இருந்தன?

பாபாசாகேபும் நீரிழிவாளரே. நரம்பு வலியால் இரவில் உறக்கமின்றி, பகலில் அரசியலமைப்பின் வரைவை எழுதினார். சிகிச்சைக்காகப் பம்பாய் சென்றபோது அறிமுகமான மருத்துவர் சாரதா கபீரை 1948 ஏப்ரல் 15இல் மணந்தார். சவிதா அம்பேத்கர் என்று நாம் அறிவது அவ்வம்மையாரையே. 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலுக்கு எழுதிய முன்னுரையில், அணையும் நிலையிலிருந்த தம் உயிரை மீட்டவர்கள் தம் மனைவியும் மருத்துவர் மல்வங்கரும் என நன்றியோடு குறித்தார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் நமக்காகத் தம்ம தீட்சை ஏற்றபோது அவர் உடல் மிகத் தளர்ந்திருந்தது. டிசம்பர் 6இல் மறைந்தார். நோய் நீங்கிய பின்னர்ப் பணி செய்வோம் என்று அவர் காத்திருந்திருப்பின் நாம் இன்று எங்கிருப்போம்? மருந்தை மறுத்து வீரம் காட்டியிருப்பினும் அந்நாள் வந்திராது.

உரை முடிந்தபின் ஒரு சகோதரி எழுந்து கேட்ட கேள்வியோடு இதனை நிறுத்துகின்றோம். "அய்யா, சாகும்வரை மாத்திரை உண்ணச் சொல்கின்றீர்கள். அதுவும் ஒரு பற்றுத்தானே? பற்றை விடச் சொல்லும் தம்மத்தில் இஃது எப்படி?" என்றார். நகைத்தோர் சிலர், யாம் நகைக்கவில்லை. வண்டியின் அச்சுக்கு எண்ணெய் இடுவதுபோல் உணவை உட்கொள்க என்று பகவன் பிக்குகளுக்குக் கூறியதை எடுத்துரைத்தோம். ஆலையில் கதிர்களுக்கு எண்ணெயிடும் நாள் தவறினால் என்ன நேரும் என்பதை அவர் கணவரே அறிவார். அவரும் எம்மோடு ஆலையில் இருந்தவர். எண்ணெய்மேல் காதல் கொண்டு எவரும் எண்ணெய் இடுவதில்லை. நூல் இறங்க வேண்டும், இடுகின்றோம். சகோதரி சற்று நேரம் சிந்தித்து, "அப்படியாயின் நான் நிறுத்தி வைத்திருக்கும் கொதிப்பு மாத்திரையை மறுபடி தொடங்கலாமோ?" என்றார். எவ்வளவு காலமாக நிறுத்தியுள்ளார் எனக் கேட்டோம். மூன்று மாதம் என்றார். பழைய அளவைத் தாமாகத் தொடங்காமல், முதலில் கொதிப்பை அளந்து மருத்துவர் கூறியபடி தொடங்குமாறு சொல்லி, மறுநாட் காலையே அவரை மகனோடு அனுப்பி வைத்தோம்.

வரும் பௌர்ணமியன்று விகாரைக்கு வருவோர், தாம் உண்ணும் மாத்திரை, சூரணம், கஷாயம், தைலம் அனைத்தின் பெயரையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வருக. எழுத அறியாதோர் புட்டிகளையே பையிலிட்டுக் கொணர்க. நம் இளைஞர்கள் எழுதித் தருவார்கள். அத்தாளை அடுத்த முறை இரு மருத்துவரிடமும் காட்டுக.